101 நிராகரிப்பு: மென்பொருள் கிளெய்ம் ‘அருவக் கருத்து’ ஆவது எந்த இடத்தில்?

#1 நிரல்நாடன்

அமெரிக்காவில் தாக்கலான ஒரு மென்பொருள் காப்புரிமை விண்ணப்பத்துக்குக் காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வுக் கடிதம், அதாவது ஆபீஸ் ஆக்‌ஷன் வந்திருக்கிறது. 1 முதல் 20 வரை எல்லாக் கிளெய்ம்களும் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாக்கியங்கள்) 101-ஆம் பிரிவில் நிராகரிப்பு; அருவக் கருத்துக்குக் காப்புரிமை இல்லை என்று தடுக்கும் தகுதிப் பிரிவு அது. எக்ஸாமினர் (விண்ணப்பத்தை ஆராயும் அலுவலர்) சொல்லும் காரணம்: மனத்தாலேயே செய்யக்கூடிய செயல்முறை, அதன்மேல் ஒரு பொதுவான கணினி. 103-இலும் (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது என்ற காரணம்) ஒரு நிராகரிப்பு உண்டு, அதைச் சமாளித்துவிடலாம் என்று தோன்றுகிறது. 101தான் பிடிபடவில்லை.

அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பில் பெரிய கோப்புகளை அனுப்பும் மென்பொருள் இது. இணைப்பின் நிலையைப் பார்த்துத் துண்டின் அளவைக் கூட்டும், குறைக்கும். தாக்கல் செய்த முதல் கிளெய்மின் சாரம்:

"கோப்பு அனுப்பும் முறை: வலையமைப்பின் நிலை பற்றிய தரவைப் பெறுதல், அதைப் பகுப்பாய்ந்து இணைப்பின் தரத்தை நிர்ணயித்தல், அந்தத் தரத்துக்கு ஏற்பத் துண்டின் அளவைத் தேர்ந்தெடுத்தல், அந்த அளவில் கோப்பை அனுப்புதல்."

நொடிக்கு ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகளை எந்த மனிதராலும் மனத்தால் கவனிக்க முடியாது. பிறகு எப்படி இது மனச்செயல்?

#2 வரைவாளர்

மென்பொருளை மறந்துவிட்டுக் கிளெய்மை மட்டும் படியுங்கள். எக்ஸாமினர் அப்படித்தான் படிக்கிறார். ‘தரவைப் பெறுதல்’ என்கிறீர்கள். எவ்வளவு தரவு, என்ன வேகம் என்று எழுதவில்லை. ‘தரத்தை நிர்ணயித்தல்’ என்கிறீர்கள். ஒருவர் திரையில் மூன்று எண்களைப் பார்த்துவிட்டுத் தாளில் "மோசம்" என்று எழுதினாலும் அந்த வரி நிறைவேறிவிடும். ‘அளவைத் தேர்ந்தெடுத்தல்’: அதே ஆள், அதே தாள். ‘அனுப்புதல்’ மட்டும்தான் மிச்சம், அதை எந்தக் கணினியும் செய்கிறது. நொடிக்கு ஆயிரம் பாக்கெட் என்பது உங்கள் தலையில் இருக்கிறது, கிளெய்மில் இல்லை.

2016-இல் சினாப்சிஸ் வழக்கில் இதே வாதம் தோற்றது. சில்லு வடிவமைப்பு மென்பொருள். நடைமுறையில் யாரும் அதைக் கையால் செய்வதில்லை. ஆனால் கிளெய்மில் கணினி என்ற சொல்லே வரவில்லை, செயலைத் தாளில் செய்துவிட முடிந்தது. காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் அங்கே சொன்ன ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: அருவக் கருத்து புதியதாகவே இருந்தாலும் அருவக் கருத்துதான். "இதை எனக்கு முன் யாரும் செய்யவில்லை" என்ற வாதம் புதுமையைப் பார்க்கும் 102-க்கும் 103-க்கும் உரியது. 101-இல் அதற்கு எடை கிடையாது.

இப்போது சோதனையின் அமைப்பு. 2014 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் ஆலிஸ் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நிதிப் பரிவர்த்தனையில் ஒரு தரப்பு பணம் கட்டாமல் போகும் ஆபத்தைத் தவிர்க்க, நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் நிழல் கணக்கு வைத்துக்கொள்ளும் முறை அது. முறைக் கிளெய்ம், அமைப்புக் கிளெய்ம், சேமிப்பு ஊடகக் கிளெய்ம் மூன்றும் ஒன்றாக விழுந்தன. ‘அருவக் கருத்து’ என்றால் என்ன என்று நீதிமன்றம் வரையறுக்கவில்லை. பத்தாண்டுக்கு மேலாக நடக்கும் இழுபறிக்கு முதல் காரணம் அதுதான்.

அந்த வெற்றிடத்தை நிரப்பக் காப்புரிமை அலுவலகம் 2019 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. எக்ஸாமினர் இந்த வரிசையில் போவார்:

படி 1: முறை, இயந்திரம், உற்பத்திப் பொருள், பொருட்கலவை என்ற நான்கில் ஒன்றா? உங்களுடையது முறை. தாண்டியாகிவிட்டது.

படி 2ஏ, முதல் கிளை: கணிதம், மனித நடவடிக்கைகளை ஒழுங்குபடுத்துதல், மனச்செயல் ஆகிய மூன்று தொகுப்புகளில் ஒன்றைக் கிளெய்ம் சொல்கிறதா?

படி 2ஏ, இரண்டாம் கிளை: சொன்னாலும், அது ஒரு நடைமுறைப் பயன்பாட்டோடு பிணைந்திருக்கிறதா? தொழில்நுட்பத்தில் மேம்பாடு உண்டா என்ற கேள்வி முக்கியமாக வருவது இங்கேதான்.

படி 2பி: அருவக் கருத்து போக மீதமுள்ள கூறுகள், வழக்கமான, எல்லோரும் அறிந்த செயல்களுக்கு மேல் ஏதாவது சேர்க்கின்றனவா?

உங்கள் கிளெய்ம் முதல் கிளையில் மாட்டி, இரண்டாம் கிளையில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் விழுகிறது. பெறு, பகுப்பாய், முடிவைப் பயன்படுத்து என்பது 2016-இல் எலெக்ட்ரிக் பவர் குரூப் வழக்கில் விழுந்த கிளெய்மின் எலும்புக்கூடு. அங்கே மின்கட்டமைப்பைக் கண்காணிக்கும் தரவு, இங்கே வலையமைப்பின் தரவு. தரவு எதைப் பற்றியது என்பது காப்பாற்றாது.

ஒரு கேள்வி. அளவு மாறும்போது உள்ளே வேறு ஏதாவது நடக்கிறதா? அளவை மாற்றுவதால் ஒரு சிக்கல் வந்திருக்கும், அதை ஏதோ ஒரு வகையில் தீர்த்திருப்பீர்கள். அதைச் சொல்லுங்கள்.

#3 கட்டற்றமனம்

வரைவாளர் சொன்னதில் தவறில்லை, ஆனால் நிராகரிப்பை ஒரு எழுத்துக்கோளாறு போல நடத்துவது சரியில்லை. 1972-இல் பென்சன் வழக்கில், பதின்ம எண்களை இரும எண்களாக மாற்றும் வழிமுறைக்குக் காப்புரிமை கேட்டபோது நீதிமன்றம் மறுத்ததற்குப் பின்னால் உண்மையான அச்சம் இருந்தது: வழிமுறையையே ஒருவர் பூட்டிவிட்டால், வேறு எந்தப் பயனுக்கும் மற்றவர்கள் அதைத் தொட முடியாது. "தரத்துக்கு ஏற்ப அளவைத் தேர்ந்தெடு" என்ற கிளெய்ம் கிடைத்திருந்தால் என்ன ஆகும்? அளவை மாற்றி மாற்றி அனுப்பும் ஒவ்வொரு நிரலும் அதன் கீழ் வரும். எப்படி மாற்றுவது என்று கண்டுபிடித்தவருக்கு, மாற்றுவது என்ற எண்ணத்தின் மீதே உரிமை கிடைத்துவிடும். நிரலின் எழுத்துக்குப் பதிப்புரிமை ஏற்கெனவே இருக்கிறது.

ஆலிஸ் தீர்ப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. வழக்கின் தொடக்கத்திலேயே, ஆவணப் பரிமாற்றமும் நிபுணர் சாட்சியமும் தொடங்குமுன், மோசமான காப்புரிமையைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். சிறு குழுவாக மென்பொருள் எழுதுபவர்களுக்கு அது உயிர் காக்கும் விஷயம்.

#4 நிரல்நாடன்

உள்ளே நடப்பது இது. கோப்பு சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்க ஒவ்வொரு துண்டுக்கும் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் சிறிய அடையாள எண்) தேவை. வழக்கமான முறையில் துண்டின் அளவை மாற்றினால் பழைய ஹேஷ் பயனற்றுப் போகும். வட்டிலிருந்து அந்தப் பகுதியை மறுபடி படித்து, புதிய எல்லைக்கு ஏற்ப மறுபடி கணிக்க வேண்டும். இணைப்பு மோசமாக இருக்கும்போதுதான் அளவு அடிக்கடி மாறும், ஆக மோசமான நேரத்தில்தான் இந்தச் சுமை ஏறும்.

இங்கே கோப்பைத் தொடக்கத்திலேயே 64 கேபி இலைகளாகப் பிரித்து ஹேஷ் மரம் கட்டிவிடுகிறோம்: இலைகளின் ஹேஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்து மேலே மேலே கணுக்கள், ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு ஹேஷ். துண்டு எந்த அளவில் இருந்தாலும் மரத்தின் ஏதோ ஒரு கணுவோடு அச்சாகப் பொருந்த வேண்டும் என்பது விதி: 64, 128, 256 என்று இரட்டிப்பாகி 4 எம்பி வரை. 4 எம்பி துண்டு 64 இலைகள் கொண்ட கணு. 40 இலைகள் போய்ச் சேர்ந்தபின் இணைப்பு அறுந்தால், பெறும் கணினி "40 வரை சரி" என்று சொல்லும். மீதி 24 இலைகள், அதாவது 1.5 எம்பி, 8 இலைக் கணு ஒன்றும் 16 இலைக் கணு ஒன்றுமாகப் போகும். இரண்டின் ஹேஷும் மரத்தில் ஏற்கெனவே உண்டு. வட்டைத் தொட்டு மறுபடி கணிக்க வேண்டியதில்லை.

கடைசி 32 துண்டுகளில் 4-க்கு மேல் மறுபடி அனுப்ப நேர்ந்தால் அளவு பாதியாகும். இவை ஸ்பெசிபிகேஷனில் (விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியில்) 41-ஆம் பத்தியிலும் 5-ஆம் படத்திலும் உள்ளன. 44-ஆம் பத்தியில் பழைய முறையிலும் இதிலும் வட்டு எத்தனை முறை படிக்கப்படுகிறது என்ற அட்டவணை இருக்கிறது. "வேகமாகவும் திறமையாகவும் இயங்கும்" என்று 12-ஆம் பத்தியில் ஒரு வாக்கியம்.

#5 வரைவாளர்

கண்டுபிடிப்பு இதுதான். நீங்கள் கிளெய்ம் செய்தது வேறு.

41, 44, படம் 5 மூன்றும் தாக்கல் நாளிலேயே இருப்பது பெரிய விஷயம். அமெரிக்காவில் ஸ்பெசிபிகேஷனில் பிறகு புதிய விஷயம் எதுவும் சேர்க்க முடியாது. தாக்கலில் பொறிமுறை இல்லாமல் ‘திறமையாக இயங்கும்’ என்ற வாக்கியம் மட்டும் இருந்தால், எவ்வளவு நல்ல வக்கீலாலும் மீட்க முடிவதில்லை. மேம்பாடு என்று வெறுமனே அறிவித்தால் போதாது; துறை அறிந்த ஒருவர் படித்தால் மேம்பாடு அவருக்குப் புரியும்படி விவரம் இருக்க வேண்டும். ‘மேம்பாடு’ என்ற சொல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் 44-ஆம் பத்தியின் அட்டவணை, 12-ஆம் பத்தியின் வாக்கியத்தைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது.

ஆனால் ஸ்பெசிபிகேஷனில் இருப்பது மட்டும் போதாது, கிளெய்மில் தெரிய வேண்டும். 2017-இல் டூ-வே மீடியா வழக்கைப் பாருங்கள். புதிய வலையமைப்புக் கட்டமைப்பு ஸ்பெசிபிகேஷனில் இருந்தது. கிளெய்மிலோ மாற்றுதல், வழிப்படுத்துதல், கட்டுப்படுத்துதல், கண்காணித்தல் என்று விளைவுகளைச் சொல்லும் வினைச்சொற்கள் மட்டும். தோற்றது.

உங்களுக்குத் துணையாக வரும் வழக்குகள் இரண்டு. என்ஃபிஷ், 2016: தரவுத்தளத்தில் எல்லா வகைப் பொருள்களையும் ஒரே அட்டவணையில் வைத்து, நெடுவரிசைகளின் வரையறையையும் அதே அட்டவணையின் வரிகளிலேயே வைத்த வடிவமைப்பு. கணினியை ஒரு வேலைக்குக் கருவியாக்குவது வேறு, கணினி இயங்கும் விதத்தையே மேம்படுத்துவது வேறு என்ற பிரிப்பு அந்தத் தீர்ப்பில் தெளிவாக வந்தது. இரண்டாவது கேபிஎன் வழக்கு, 2019. உங்களுடையதற்கு அதைவிட நெருக்கமானது இல்லை. தரவு அனுப்பும்போது பிழை கண்டறியும் சோதனைத் தரவு உருவாக்கும் சாதனம். ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் பழைய முறையின் கண்ணில் படாமல் தப்பின. தரவுத் தொகுதியில் பிட்டுகளை இடம் மாற்றும் வரிசையை அவ்வப்போது மாற்றியதால் அவை பிடிபட்டன. இடமாற்றம் கணிதம்தான். ஆனாலும் குறிப்பிட்ட ஒரு தொழில்நுட்பக் குறையைக் குறிப்பிட்ட ஒரு வழியில் தீர்த்ததால் தேறியது. அங்கே அந்தக் குறிப்பிட்ட வழி இருந்தது சார்புக் கிளெய்ம்களில் (முந்தைய கிளெய்மோடு கூடுதல் விவரம் சேர்ப்பவை). தேறியவையும் அவைதான்.

ஹேஷ் என்றதும் எக்ஸாமினர் மனச்செயலை விட்டுவிட்டுக் கணிதத் தொகுப்புக்குத் தாவலாம். அதனால் முதல் கிளையில் சக்தியை முழுக்கச் செலவழிக்காதீர்கள். நினைவகத்திலுள்ள ஹேஷ் மரத்தின் கணுக்களை வைத்து அறுந்த பரிமாற்றத்தைத் தொடர்வது மனித மனத்தால் நடைமுறையில் ஆகாத செயல் என்று ஒரு பத்தி எழுதுங்கள், போதும். முழு பலத்தையும் இரண்டாம் கிளையில் வையுங்கள்.

2பி-யில் பலர் சறுக்குவதையும் சொல்லிவிடுகிறேன். 2018 பெர்க்ஹைமர் தீர்ப்புக்குப்பின், ஒரு கூறு ‘வழக்கமானது, எல்லோரும் அறிந்தது’ என்று எக்ஸாமினர் சும்மா சொல்லிவிட முடியாது. அது உண்மை சார்ந்த கேள்வி, ஆதாரம் வேண்டும்: விண்ணப்பதாரரின் சொந்தக் கூற்று, நீதிமன்றத் தீர்ப்பு, ஒரு வெளியீடு, அல்லது அலுவல்முறை அறிவிப்பு. இதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்டு எழுதுபவர்கள் உண்டு. ஆதாரம் தேவைப்படுவது அருவக் கருத்துக்கு வெளியே நிற்கும் கூடுதல் கூறுகளுக்கு மட்டுமே. உங்கள் பழைய கிளெய்மில் கூடுதல் கூறு என்று நிற்பது அனுப்புதலும் புராசஸரும்தான். "எந்தப் பொதுவான புராசஸரும் பயன்படும்" என்று ஸ்பெசிபிகேஷனில் ஒரு வரி இருந்தால் அதுவே ஆதாரமாகிவிடும்.

கட்டற்றமனத்துக்கு: உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் ‘எப்படி’ சொல்லாமல் விளைவைப் பூட்டும் கிளெய்மைத் தடுக்க 112-ஆம் பிரிவு இருக்கிறது. ‘மாட்யூல்’ என்ற வெறும் சொல்லுக்குப்பின் வழிமுறை எதுவும் ஸ்பெசிபிகேஷனில் இல்லை என்றால் கிளெய்ம் தெளிவற்றது என்று விழும் என 2015-இல் வில்லியம்சன் தீர்ப்பு காட்டியது. 101 மழுங்கிய கத்தி, நல்லதையும் சேர்த்து வெட்டுகிறது.

#6 கட்டற்றமனம்

112 போதுமானதாக இருந்திருந்தால் ஆலிஸ் வரை வந்திருக்காது. 112-ஐ நிறுவ நிபுணர் வேண்டும், கிளெய்மின் பொருள் பற்றிய விசாரணை வேண்டும், பல மாதங்கள் வேண்டும். 2018-க்குப் பிறகு பெர்க்ஹைமர் தீர்ப்பும் அதே ஆண்டின் ஆட்ரிக்ஸ் தீர்ப்பும் 101-இன் அந்த வேகத்தையே குறைத்துவிட்டன.

#4-இல் உள்ள பொறிமுறைக்கு எனக்கு எதிர்ப்பு இல்லை. கணுவோடு பொருந்தாத அளவில் துண்டாக்கி வேறொருவர் எழுதலாம், வழி திறந்தே இருக்கும். #1-இல் இருந்த கிளெய்முக்குத்தான் என் எதிர்ப்பு, அந்த நிராகரிப்பு சரி என்றே இன்னும் சொல்கிறேன்.

#7 வரைவாளர்

அந்த நிராகரிப்பு சரி என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் ‘வழி திறந்தே இருக்கும்’ என்பதைப் பதில் மனுவில் முதன்மை வாதமாக வைக்காதீர்கள், நிரல்நாடன். முழுத் துறையையும் பூட்டவில்லை என்பது மட்டும் கிளெய்மைத் தகுதியாக்காது என்று 2015 அரியோசா தீர்ப்பிலேயே சொல்லியாகிவிட்டது. குறுகிய அருவக் கருத்தும் அருவக் கருத்துதான்.

#8 கற்றல்வலை

இழையை ஒட்டியே ஒரு கேள்வி. துண்டின் அளவை 32-க்கு 4 என்ற வரம்பால் தீர்மானிக்காமல், ஒரு நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவித்துத் தீர்மானிக்க வைத்தால் 101-இல் நிலை வலுக்குமா? பலர் அப்படி நினைக்கிறார்கள்.

#9 வரைவாளர்

வலுக்காது. பலவீனமாகவும் ஆகலாம். 2025 ஏப்ரலில் ரீசென்டிவ் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் இதை நேராகவே கையாண்டது. நிகழ்ச்சி அட்டவணையும் ஒளிபரப்பு வரைபடமும் தயாரிக்க இயந்திரக் கற்றலைப் பயன்படுத்திய கிளெய்ம்கள். இருக்கும் கற்றல் முறையை ஒரு புதிய தரவுச் சூழலுக்குக் கொண்டுபோனது மட்டும் போதாது என்றது. திரும்பத் திரும்பப் பயிற்றுவித்தல், புதிய தரவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுதல் என்பவை எந்தக் கற்றல் மாதிரிக்கும் இயல்பானவை, மேம்பாடாகா.

அலுவலகம் 2024 ஜூலையில் வெளியிட்ட 47-ஆம் எடுத்துக்காட்டைப் பாருங்கள். நரம்பு வலையமைப்பால் முரண்பாடுகளைக் கண்டறிவது. அதன் 2-ஆம் கிளெய்ம் பயிற்றுவிக்கிறது, முரண்பாட்டைக் கண்டறிந்து ஆராய்கிறது, விடையை வெளியிடுகிறது. தகுதியில்லை. 3-ஆம் கிளெய்ம் வலையமைப்புப் போக்குவரத்தில் தீங்கான பாக்கெட்டைக் கண்டறிந்து, அதை உடனே கைவிட்டு, அது வந்த முகவரியிலிருந்து மேற்கொண்டு வருவதைத் தடுக்கிறது. தகுதி உண்டு. இரண்டிலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கணக்கின் விடை எங்கே போய் விழுகிறது என்பதில்தான் வேறுபாடு.

பழைய இணை ஒன்றும் இதையே காட்டும். 1978 ஃபிளுக்: வேதிச் செயல்முறையில் எச்சரிக்கை வரம்பைப் புதுப்பிக்கும் சூத்திரம். விடையாக ஒரு எண் கிடைத்தது, அவ்வளவுதான். 1981 டியர்: அச்சுக்குள் ரப்பரின் வெப்பநிலையை இடைவிடாமல் அளந்து, அர்ரீனியஸ் சமன்பாட்டால் பதமாகும் நேரத்தை மறுபடி மறுபடி கணித்து, நேரம் வந்ததும் அச்சைத் தானாகத் திறந்துவிடும். ஃபிளுக் விழுந்தது, டியர் நின்றது.

மாதிரியே மேம்படுகிறது என்றால் கதை வேறு. புதிய வேலையைக் கற்பிக்கும்போது பழைய வேலையில் தேர்ச்சி போய்விடாமல் காக்கும் பயிற்சி முறை ஒன்றின் மீதிருந்த 101 நிராகரிப்பை, 2025 செப்டம்பரில் டெஸ்ஜார்டின்ஸ் முடிவில் அலுவலகத்தின் மேல்முறையீட்டு மீளாய்வுக் குழு நீக்கியது. 103 நிராகரிப்பு அப்படியே நின்றது. இரண்டு வாசல்களும் தனித்தனி என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி கிடைக்காது.

#10 பிரிவு3கே

இந்தியாவிலும் தாக்கல் செய்திருந்தால் இதே பதிலை நகலெடுத்து அனுப்ப வேண்டாம். இங்கே ஆலிஸ் கிடையாது, சட்டத்தின் சொற்களே வேறு. 3(கே) பிரிவு விலக்குவது: கணித முறை, வணிக முறை, ‘கணினி நிரல் அதனளவில்’, வழிமுறைகள். ‘அதனளவில்’ என்ற சொல் நிரலோடு மட்டும் ஒட்டி நிற்கிறது. அதனால்தான் 2023-இல் ஓபன்டிவி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் வணிக முறைக்கான தடையை முழுத் தடை என்று படித்தது. நிரலுக்கு அப்படியல்ல, தொழில்நுட்ப விளைவு காட்டினால் தேறலாம் என்பது 2019 டிசம்பரின் ஃபெரித் அல்லானி தீர்ப்பு. புதிய வன்பொருள் வேண்டும் என்று 2016 வழிகாட்டுதலில் இருந்த நிபந்தனை 2017-இல் நீக்கப்பட்டது. இன்னும் அதைக் கேட்டால் 2023 ரேதியான் தீர்ப்பைக் காட்டுங்கள்.

உங்களுக்கு நேராகப் பயன்படுவது 2013 வரைவு வழிகாட்டுதலில் வந்த தொழில்நுட்ப விளைவுகளின் பட்டியல். வட்டு அணுகும் நேரம் குறைவது அதிலேயே பெயர் சொல்லி வருகிறது. 44-ஆம் பத்தியின் அட்டவணையை அங்கே பொருத்துங்கள்.

கவனம் வேண்டியவை இரண்டு. சேமிப்பு ஊடகக் கிளெய்மையோ ‘நிரல் பொருள்’ கிளெய்மையோ அப்படியே கொண்டுவந்தால், நிரலையே வேறு பெயரில் கேட்கிறீர்கள் என்று ஆட்சேபம் வரும். முறையும் அமைப்பும் மட்டும் வைப்பது நல்லது. அடுத்தது 59-ஆம் பிரிவு. திருத்தப்பட்ட கிளெய்ம் ஏற்கெனவே இருந்த கிளெய்மின் எல்லைக்குள் முழுதாக அடங்க வேண்டும். #1-இன் அகலமான கிளெய்ம் தாக்கலில் இருந்தது இந்த ஒரு விதத்தில் உதவும்: அதிலிருந்து ஹேஷ் மரத்துக்குச் சுருங்கலாம். குறுகலாகத் தொடங்கிவிட்டு விரிக்க முடியாது. முதல் ஆய்வறிக்கைக்குப் பதிலளிக்க 6 மாதம், கேட்டால் மேலும் 3.

ஐரோப்பாவில் முதல் வாசல் எளிது. கிளெய்மில் கணினி இருந்தால் ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52-ஆம் பிரிவின் விலக்கைத் தாண்டிவிடும். உண்மையான வடிகட்டல் புத்தாக்கப் படியில் (அமெரிக்காவின் 103-க்கு இணையான கேள்வி): 2002 காம்விக் முடிவின்படி தொழில்நுட்பத் தன்மைக்குப் பங்களிக்கும் கூறுகள் மட்டுமே அங்கே கணக்கில் சேரும். அறுந்த பரிமாற்றத்தைத் தொடர்வது தொழில்நுட்பச் சிக்கல்தான், ஆக அங்கே உங்களுக்கு 101 போன்ற தலைவலி இல்லை. பிரையர் ஆர்ட்தான் (ஏற்கெனவே வெளிவந்த தொழில்நுட்பம்) தலைவலி.

#11 நிரல்நாடன்

எல்லோருக்கும் நன்றி. திருத்திய 1-ஆம் கிளெய்ம்:

"அனுப்பும் கணினி செய்யும் முறை: (அ) கோப்பை 64 கேபி இலைகளாகப் பிரித்து, இலைகளின் ஹேஷ்களிலிருந்து ஹேஷ் மரம் ஒன்றை உருவாக்கி நினைவகத்தில் வைத்தல், (ஆ) மரத்தின் முதல் கணுவுக்குக் கீழ்வரும் இலைகள் முழுவதும் கொண்ட துண்டை வலையமைப்பு வழியே அனுப்புதல், (இ) பெறும் கணினி ஒவ்வொரு இலையையும் சரிபார்த்தல், (ஈ) துண்டு முழுமையாகச் சேருமுன் இணைப்பு அறுந்தால், சரிபார்க்கப்பட்ட இலைகளின் பட்டியலைப் பெற்று, முதல் கணுவுக்குக் கீழ் சரிபார்க்கப்படாத இலைகளை மட்டும் கொண்ட கணுக்களைத் தேர்ந்து, அவற்றுக்கு மரத்தில் உள்ள ஹேஷை மறுபடி கணிக்காமல் பயன்படுத்தி, அந்த இலைகளை மட்டும் அனுப்புதல்."

#12 வரைவாளர்

இப்போது கிளெய்மில் பொறிமுறை தெரிகிறது. மூன்று இடங்களைத் தொட வேண்டும்.

64 கேபி-யை இங்கிருந்து எடுத்து ஒரு சார்புக் கிளெய்மில் வையுங்கள், இங்கே ‘முன்பே வகுத்த அளவு’ போதும். 101-க்காகத் தேவைக்கு மேல் எண்களை அடைத்தால், 32 கேபி போடுபவர் சிரமமில்லாமல் தப்பிவிடுவார். தகுதி தருவது எண் அல்ல, துண்டின் எல்லை கணுவோடு பொருந்துவதும் ஹேஷ் மறுபயன்பாடும்.

(இ) பெறும் கணினியின் வேலை. அந்தக் கணினி வேறொருவருடையதாக இருந்தால், முறையின் எல்லாப் படிகளையும் ஒரே தரப்பு செய்ததாகக் காட்டுவது கடினம். அதை நீக்கி, பட்டியலைப் பெறும் இடத்தில் "பெறும் கணினி சரிபார்த்த இலைகளைக் குறிக்கும் பட்டியல்" என்று விவரணையாக வையுங்கள்.

தாக்கல் செய்யுமுன் எக்ஸாமினரோடு ஒரு நேர்காணல் கேளுங்கள். திருத்தத்தின் வரைவையும் 44-ஆம் பத்தியின் அட்டவணையையும் முன்கூட்டியே அனுப்பிவையுங்கள். "இரண்டாம் கிளையில் இது போதுமா, என்ன குறைகிறது?" என்று நேராகக் கேட்கலாம். அட்டவணை அவருக்குப் போதவில்லை என்றால், 132-ஆம் விதிப்படி துறை அறிந்த ஒருவரின் உறுதிமொழியை இணைக்கலாம். ஆனால் ஸ்பெசிபிகேஷனில் ஏற்கெனவே உள்ளதை விளக்கத்தான் அது உதவும், இல்லாததைச் சேர்க்க உதவாது. பதிலுக்குக் கெடு 3 மாதம். கட்டணம் கட்டினால் 6 மாதம் வரை நீளும், அதற்கு மேல் இல்லை.

மூன்றாவது இடத்தை 3கே பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

#13 பிரிவு3கே

(ஈ)-இல் உள்ள ‘அறுந்தால்’ தானே? அமெரிக்காவில் அந்த ஒரு சொல் போதும், கிளெய்மைக் கெடுக்க. 2016-இன் ஷுல்ஹவுசர் முடிவின்படி, முறைக் கிளெய்மில் நிபந்தனைக்கு உட்பட்ட படி நடக்காமலே போகலாம் என்று எக்ஸாமினர் படிக்கலாம். இணைப்பு அறுவதே இல்லை என்று வைத்துக்கொண்டால் (ஈ) முழுவதும் கணக்கிலிருந்து போய்விடும். மிஞ்சுவது மரம் கட்டி ஒரு துண்டை அனுப்புவது மட்டும். அதற்கு 103-இலும் பதில் இராது, 101-இலும் பதில் இராது.

இப்படி மாற்றுங்கள்: "துண்டு முழுமையாகச் சேருமுன் இணைப்பு அறுந்ததைக் கண்டறிதல், அந்தக் கண்டறிதலுக்கு மறுமொழியாக, பட்டியலைப் பெறுதல்..." இரண்டும் கட்டாயப் படிகளாகிவிடும். அமைப்புக் கிளெய்மில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே அந்தச் செயலுக்கான அமைவு இருந்தாக வேண்டும். ஆனாலும் இரண்டிலும் ஒரே சொற்களை வையுங்கள், பின்னால் வேறுபாட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.